பளிங்கில் பதிந்த நான்கு மூலைகள்

அந்த ஊரில் தூசிக்கு விடுமுறை கிடையாது. ஊருக்கு வெளியே கல் அரைக்கும் ஆலைகள் மூன்று. அவை அரைப்பதில் ஒரு பங்கு மூட்டையில் போகும், ஒரு பங்கு காற்றில் வரும். காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். ஆலைக்குச் சொந்தக்காரர்கள் ஊரின் மேற்கே, காற்று வருகிற திசையில் குடியிருந்தார்கள். காற்று போகிற திசையில் மற்றவர்கள் குடியிருந்தார்கள். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அந்த மற்றவர்களில் கொஞ்சம் வசதியானவர்களின் தெரு ஒன்று. எல்லாம் எண்பது, நூறு வயதான வீடுகள். உயரமான கூரை, சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், பலகை பலகையாகச் சாய்த்து அடித்த மரச் சன்னல்கள், வழவழப்பான பளிங்குத் தரை. தூசிக்கு இதைவிட நல்ல மாமியார் வீடு அமையாது. ஒவ்வொரு பலகை இடுக்கிலும் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசும்.

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் ‘எலுமிச்சை’. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. “எலுமிச்சை வந்தாச்சா?” என்றுதான் கேட்பார்கள். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

பெயர் வந்த கதை சின்னது. அவளும் அவளுடைய அண்ணியும் சேர்ந்தே வீடு சுத்தம் செய்யப் போவார்கள். அண்ணன் லாரி ஓட்டப் போனவன், போனவன்தான். அவன் விட்டுப் போன பிறகும் இரண்டு பெண்களும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தார்கள். அண்ணிக்கு ஆசிட் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. “ஊத்து, அஞ்சு நிமிஷம் நில்லு, தண்ணியை அடி. பளிச்சுனு ஆயிடும். இதுக்கு எதுக்குடி இவ்வளவு யோசனை?” என்பாள்.

ஒரு நாள் ஒரு குளியலறையில், சன்னல் திறக்காத நிலையில், ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரும் சேர்ந்துவிட்டது. எலுமிச்சை, அப்போது அவள் இன்னும் எலுமிச்சை ஆகவில்லை, மூச்சு முட்டிக் கதவோரம் விழுந்தாள். அண்ணிதான் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். அந்த வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். அவர் அவளை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, இரண்டும் சேர்ந்தால் என்ன வாயு வரும், அது நுரையீரலை என்ன செய்யும் என்று பாடம் நடத்துவது போலச் சொன்னார். இந்த வேலைக்கு வந்த பன்னிரண்டு ஆண்டுகளில் இதை அவளுக்குச் சொன்ன முதல் ஆள் அவர். விற்றவனும் சொல்லவில்லை, வாங்கிக் கொடுத்தவர்களும் சொல்லவில்லை.

அன்றோடு ஆசிட்டைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள். எலுமிச்சை, வினிகர், சமையல் சோடா, பழைய பருத்தித் துணி, தேய்ந்த பல்துலக்கி. இவ்வளவுதான் அவளுடைய கூடை. தூசியைத் துடைப்பத்தால் பெருக்கினால் அது எழுந்து, சுற்றிவிட்டு, அதே இடத்தில் வந்து உட்காரும் என்று கண்டுகொண்டாள். அதனால் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு ஈரத்துணி எடுத்தாள். மேலே தொடங்கிக் கீழே முடிப்பாள். சுண்ணாம்புச் சுவருக்குத் தண்ணீர் ஆகாது. அங்கே மெல்லிய தூரிகை, கீழே ஈரமான விரிப்பு. துணியைச் சாண் அகலச் சதுரமாக மடித்துக்கொள்வாள். ஒரு முகம் அழுக்கானால் திருப்பி அடுத்த முகம். ஒரு மடிப்பில் எட்டு முகம் கிடைக்கும். அந்தச் சதுர மடிப்பைப் பார்த்தாலே தெருவில் சொல்லிவிடுவார்கள், இது எலுமிச்சை வேலை என்று.

“தரையைத் துடைக்கிறியா, சாலட் போடுறியா?” என்று அண்ணி கேட்பாள். “உப்பும் மிளகும் போட்டா நானே தரையை நக்கிட்டுப் போயிடுவேன்.”

“சிரிங்க அண்ணி, சிரிங்க. உங்க கையைப் பாருங்க, பல்லி தோல் உரிச்ச மாதிரி இருக்கு.”

“என் கை அழகைப் பார்த்து யாரு பொண்ணு கேட்டு வரப்போறாங்க?”

ஆனாலும் இரண்டு ஆண்டுகளில் தெரு முழுவதும் எலுமிச்சை பக்கம் சாய்ந்தது. குழந்தை இருக்கிற வீடு, ஆஸ்துமாக்காரர் இருக்கிற வீடு, ஆசிட் வாடையில் தலைவலிக்கிற வீடு. ‘இயற்கை முறை’ என்று யாரோ சொல்ல, அந்தச் சொல் பற்றிக்கொண்டது. இயற்கை என்று ஒரு முத்திரை குத்திவிட்டால் நம் ஆட்கள் அதற்கு மேல் கேள்வி கேட்பதில்லை. சுண்ணாம்பும் இயற்கைதான்; அது கண்ணில் விழுந்தவரைக் கேட்டால் தெரியும். எலுமிச்சையும் அந்த மயக்கத்துக்கு விலக்கில்லை. தன் புட்டியில் இருப்பது யாருக்கும் எதற்கும் கெடுதல் செய்யாது என்று அவள் மனதார நம்பினாள். அண்ணியும் அவளுக்காக அரை மனதோடு அந்தத் தெருவில் மட்டும் ஆசிட்டைக் கைவிட்டாள். மாணவர் விடுதி ஒன்றின் கழிப்பறைகளுக்கு மட்டும் மதியத்தில் ஆசிட் எடுத்துப் போவாள்.

தெருக்கோடியில் ஓய்வுபெற்ற நீதிபதியின் வீடு. அந்தக் கூடத்துப் பளிங்குத் தரையைத் தெருவே பேசும். வெளிர் நிறம், நடுவில் சாம்பல் கோடுகள். வெளியூரிலிருந்து மகள் கைக்குழந்தையோடு வரப்போகிறாள், வீட்டில் மருந்து வாடையே இருக்கக்கூடாது என்று நீதிபதியின் மனைவி இரண்டு பேரையும் வரச்சொன்னார். பூந்தொட்டிகள் நின்ற இடத்தில் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளைத் திட்டுகள். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

எலுமிச்சை ஆறு துணிகளைச் சதுரமாக மடித்து, வினிகரில் நனைத்து, திட்டுகளின் மேல் விரித்தாள். அரை மணி நேரம் ஊறட்டும் என்று மாடிக்குப் போனாள். மாடியில் ஒரு சன்னல் பலகை இறுகிக்கொண்டு வம்பு செய்தது. பல்துலக்கியும் எண்ணெயுமாக அதோடு மல்லுக்கட்டிவிட்டு இறங்கும்போது இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது. அண்ணி அதுவரை பின்கட்டுக் குளியலறையில் இருந்தாள். எலுமிச்சை துணிகளை எடுத்தாள். உப்புத்திட்டு போயிருந்தது. ஈரத் தரை நன்றாகவே தெரிந்தது. துடைத்துவிட்டுச் சாப்பிடப் பின்வாசலுக்குப் போனாள்.

தரை காய்ந்ததும் நீதிபதியின் மனைவி போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

எலுமிச்சை ஓடி வந்து பார்த்தாள். பளபளத்த தரையில் ஆறு இடங்களில் வழவழப்பு செத்துப்போயிருந்தது. தொட்டால் சொரசொரப்பு. ஒவ்வொன்றும் சாண் அகலம். ஒவ்வொன்றுக்கும் நான்கு மூலைகள், அளவெடுத்து வெட்டியது போல.

அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆசிட் ஊற்றினால் அது ஓடும், தெறிக்கும், வால் விட்டு வழியும். அதற்கு மூலை வைக்கத் தெரியாது. மூலை வைப்பது மடித்த துணி.

“யாரு ஆசிட் ஊத்தினது?” என்றார் நீதிபதியின் மனைவி. “எனக்குத் தெரியும். அவ பையைக் கொண்டு வா.”

அண்ணியின் பையில் விடுதிக்கு எடுத்துப்போகும் ஆசிட் புட்டி இருந்தது. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. நீதிபதி சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அண்ணியைக் கூடத்துக்குள் விடவில்லை; பின்வாசல் நிலையருகே நிற்கவைத்தே கேட்டார்கள். ஈரக்காலோடு வந்து இன்னும் பாழாக்கிவிடுவாளாம். முப்பது ஆண்டுகள் தீர்ப்பு எழுதிய மனிதர், குற்றம் சாட்டப்பட்டவளுக்குத் தடயத்தை ஒரு முறை காட்ட வேண்டும் என்று நினைக்கவில்லை. தானும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

“இதுக்கு முன்னாடி பளிங்குல ஆசிட் ஊத்தியிருக்கியா?”

“வேற வீட்ல ஊத்தியிருக்கேங்க ஐயா, ரொம்ப வருஷம் முன்னாடி. இங்க ஊத்தலை. பாட்டிலை வெளியவே எடுக்கலை.”

“பை எங்க இருந்தது?”

“கூடத்து ஓரமா வெச்சிருந்தேன். அப்புறம் எடுத்து...”

“போதும்.” எலுமிச்சை பக்கம் திரும்பினார். “உன் பாட்டில்ல என்ன?”

“வினிகருங்க. எலுமிச்சம் பழச்சாறும் கொஞ்சம்.”

“நாம சாப்பிடுற பொருள். அது கல்லை என்ன பண்ணப்போகுது?” என்றார் நீதிபதி. வழக்கு முடிந்துவிட்டது.

அண்ணி எலுமிச்சையைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுடி என்கிற பார்வை. எலுமிச்சையின் வாய் திறந்தது. உள்ளே ஒரு கணக்கு ஓடியது: நான் சொன்னால் இரண்டு பேருக்கும் இந்தத் தெரு இல்லை. சொல்லாவிட்டால் ஒருத்தியாவது மிஞ்சுவாள். மிஞ்சுகிறவள் மற்றவளைப் பார்த்துக்கொள்ளலாம். நியாயம் போலவே இருந்தது. கோழைத்தனம் வரும்போது நியாயத்தின் சட்டையை மாட்டிக்கொண்டுதான் வருகிறது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மாலைக்குள் தொலைபேசியிலேயே தெரு முழுவதும் சேதி போய்விட்டது. ஒரு வீடும் அண்ணிக்குக் கதவு திறக்கவில்லை. விடுதியிலும் ‘நாளையிலிருந்து வேண்டாம்’ என்றார்கள். நீதிபதி வீட்டில் அந்த ஆறு சதுரங்களின் மேல் கம்பளம் விரித்தார்கள். வாரத்துக்கு இரண்டு முறை அந்தக் கம்பளத்தைத் தட்டி விரித்தவள் எலுமிச்சை.

அண்ணி கல் ஆலைக்குப் போனாள். மூட்டை கட்டும் கொட்டகையில் சிந்திய கல்மாவைப் பெருக்கிக் கூட்டுவது வேலை. அங்கே தண்ணீர் தெளிக்கக்கூடாது, மாவு கட்டியாகிவிடுமாம். காய்ந்த துடைப்பம், மூக்கில் ஒரு துண்டு. திரும்பி வரும்போது புருவம், இமை, காதுமடல் எல்லாம் வெள்ளை.

“பாருடி, பவுடர் போட்டுக் கல்யாணப் பொண்ணாட்டம் வந்திருக்கேன்” என்று சிரிப்பாள் அண்ணி.

எலுமிச்சை ஒவ்வொரு மாதமும் நினைப்பாள், அடுத்த மாதம் சொல்லிவிடலாம் என்று. மகள் வந்து போகட்டும். தெருவில் பேச்சு அடங்கட்டும். அண்ணிக்குக் கொஞ்சம் பழகட்டும். எல்லாம் நடந்தன, அவள் சொல்வது மட்டும் நடக்கவில்லை. நடுவில் ஒரு நாள் ஆலைச் சாலையோரம் கிடந்த பளிங்குத் துண்டை எடுத்து வந்து அதன் மேல் வினிகரை ஒரு சொட்டு விட்டாள். சுற்றிலும் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. காதருகே கொண்டுபோனால் மெல்லிய சத்தம்கூடக் கேட்டது. இரண்டு நிமிட வேலை. நீதிபதி வீட்டுக் கொல்லையில் கிடந்த உடைந்த பளிங்குச் சில்லில் இதை முதலில் செய்து பார்த்திருக்கலாம். நீதிபதியாவது செய்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். ஒருத்தி நம்பினாள், இன்னொருவர் சந்தேகப்பட்டார். சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்று முதல் பளிங்குக்கு வெந்நீரும் துளி சோப்பும் மட்டும்தான். தெருவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

நான்காம் ஆண்டில் அண்ணியின் இருமல் சுவரைத் தாண்டிக் கேட்கத் தொடங்கியது. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மருத்துவர், “தூசி வேலையை விட்டுடணும்மா. இன்னைக்கே” என்றார்.

வெளியே வந்ததும் அண்ணி படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். “டாக்டருக்கு என்ன, வாய்ல சொல்லிட்டாரு. விட்டுட்டு எங்க போறது? அந்தத் தெருவுல எவளாச்சும் எனக்குக் கதவைத் திறப்பாளா?”

அதற்கு மேல் எலுமிச்சையால் முடியவில்லை. மறுநாள் காலையில் நீதிபதி வீட்டுக்குப் போனாள். கூடையைக் கீழே வைக்காமலே, “ஐயா, கம்பளத்தை எடுக்கப்போறேன், நீங்க வந்து பார்க்கணும்” என்றாள்.

நீதிபதி தடியை ஊன்றி வந்தார். அவள் கம்பளத்தைச் சுருட்டினாள். தன் துணியை வழக்கம்போல் சதுரமாக மடித்து ஒரு கறையின் மேல் வைத்தாள். மூலைக்கு மூலை பொருந்தியது. பிறகு கூடையிலிருந்த கல்துண்டில் வினிகரை விட்டுக் காட்டினாள். நுரை வந்தது.

“நான்தாங்க ஐயா. எங்க அண்ணி இல்லை. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். காதுமடல் கொஞ்சம் சிவந்தது. “சரி. இப்ப என்ன?”

“தெருவுல ஒரு வார்த்தை சொல்லணும். அவங்களுக்கு வேலை வேணும். ஆலையில இருந்தா செத்துப்போயிடுவாங்க.”

“நாலு வருஷம் ஆச்சு. முடிஞ்சு போன விஷயம். இப்ப நாங்க போய்ச் சொன்னா...” அவர் முடிக்கவில்லை.

மனைவி முடித்தார். “எங்களுக்குத்தான் அசிங்கம். இங்க பாரு, நீ தெரியாமப் பண்ணினே. அவ பையில ஆசிட் வெச்சிருந்தது நிஜம்தானே? அதெல்லாம் விடு. சன்னல்ல தூசி அப்பியிருக்கு, முதல்ல அதைப் பாரு.”

செய்த குற்றத்துக்கு மன்னிப்பு கிடைத்தது. செய்யாத குற்றத்துக்குக் கிடைக்கவில்லை. எலுமிச்சை கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த வீட்டுச் சன்னலை அதன் பிறகு அவள் தொடவில்லை.

அன்று முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். கையில் கல், புட்டி, மடித்த துணி. “பளிங்கைக் கெடுத்தது நான்தான், எங்க அண்ணி இல்லை” என்று பதினான்கு வீடுகளில் சொன்னாள். சிலர் “அப்படியா!” என்று வாயில் கை வைத்தார்கள். ஒரு வீட்டில் “நல்ல மனசு உனக்கு” என்று பாராட்டினார்கள். அவளுக்கு முகத்தில் காறித் துப்பினாற்போல் இருந்தது. இரண்டு வீடுகளில் அவளையே இனி வரவேண்டாம் என்றார்கள். மருந்துக்கடைக்காரர் வீட்டம்மா, “அவ இருமுறாளாமே? வீட்ல குழந்தைங்க இருக்குதே” என்று கதவைப் பாதி சாத்தினார்.

கடைசியாக ஆய்வக உதவியாளரின் வீடு. அவர் கல்லை வாங்கி நுரையைப் பார்த்தார். “அன்னைக்கு எங்கிட்ட வந்து கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பேனேம்மா. உங்க அண்ணியை வரச்சொல்லு. வாரம் மூணு நாள் இங்க பார்க்கட்டும்” என்றார். உடனே அவர் முகம் மாறியது. “நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கு?”

அவள் மருத்துவர் சொன்னதைச் சொன்னாள். அவர் சன்னலைப் பார்த்தார். மரப் பலகைகளின் மேல் அன்றைய தூசி வெள்ளையாக ஏறியிருந்தது. “இதுவும் தூசி வேலைதானேம்மா” என்றார், மெதுவாக.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் சொல்லியிருந்தால் போதுமாயிருந்த ஒரு வார்த்தை, இப்போது தெரு முழுவதும் சொல்லியும் போதவில்லை.

வெயில் தாழும் நேரத்தில் அண்ணியின் அறைக்குப் போனாள். அண்ணி கட்டிலில் சுவரோரம் சாய்ந்திருந்தாள். “என்னடி எலுமிச்சை, பிழிஞ்ச தோலாட்டம் வந்து நிக்கிற?”

எலுமிச்சை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். துணி, வினிகர், மாடிச் சன்னல், இரண்டு மணி நேரம், கம்பளம். நடுவில் அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தாள்.

அண்ணி சுவரை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, “அப்போ மூடி லூஸா இல்லையா?” என்று கேட்டாள்.

“எந்த மூடி அண்ணி?”

“ஆசிட் பாட்டில் மூடி. பையைக் கூடத்து ஓரமா வெச்சேன்ல? அது ஒழுகியிருக்கும்னு நினைச்சேன். தரையை என்னைப் பார்க்கவே விடலையே. நான்தான் பண்ணிட்டேன், என்னால உன் பேரும் கெடப்போகுதுன்னு...” இருமல் வந்து பேச்சை அறுத்தது. அடங்கியதும் தொடர்ந்தாள். “ஆலையில துடைப்பம் பிடிக்கும்போதெல்லாம் என்னையே திட்டிப்பேன்டி. மூடியைக்கூட ஒழுங்கா மூடத் தெரியாத முண்டம்னு.”

இதை எலுமிச்சை எதிர்பார்க்கவில்லை. அண்ணி தன்மேல் சந்தேகப்பட்டிருப்பாள், கோபப்பட்டிருப்பாள் என்றெல்லாம் நினைத்து நினைத்து அதற்குப் பதில் தயாரித்து வைத்திருந்தாள்.

“கறைக்கு மூலை இருந்துச்சா?” என்று அண்ணி கேட்டாள்.

“இருந்துச்சு அண்ணி. நாலு மூலையும்.”

“நீ அப்பவே பார்த்தியா?”

“பார்த்தேன்.”

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எலுமிச்சை காத்து நின்றாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டாள். ஆலைப் பக்கமிருந்து காற்று எழுந்தது.

“சன்னலைச் சாத்து” என்றாள் அண்ணி. “தூசி வருது.”

சாத்தினாள். ஈரத்துணியை எடுத்துச் சன்னல் விளிம்பைத் துடைத்தாள். அன்று தொடங்கி தினமும் வேலைக்குப் போகும் முன் அந்த ஒற்றை அறையை மேலிருந்து கீழாக, ஒரு துகள் எழாமல் துடைத்துவிட்டுப் போகிறாள். அண்ணி ஆலையை விட்டுவிட்டாள். வேண்டாம் என்று சொல்லவுமில்லை, துடைக்கச் சொல்லவுமில்லை. தண்ணீர் கேட்பாள், மாத்திரை கேட்பாள். ரேஷன் கார்டில் உள்ள பெயரைச் சொல்லிக் கேட்பாள். எலுமிச்சை என்று அவள் கூப்பிடுவது அன்றோடு நின்றுவிட்டது.